எஃபியா நல்லவளா கெட்டவளா? (ஐந்து மதிப்பெண்)

பல தலைமுறைக் குடும்ப நாவலைப் படித்துவிட்டு "இன்னாரின் குணநலன்களை எழுதுக" என்று கேட்பதைப் போல ஒரு அபத்தம் கிடையாது. அப்படிக் கேட்கிற கேள்வித்தாள், அதற்குப் பதில் எழுதித் தருகிற கைடு, அதை ஜெராக்ஸ் எடுத்து மனப்பாடம் செய்கிற நம்ம மக்கள், மூன்று பேரோடும் இன்றைக்குச் சண்டை போடப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். நாவலின் கதையையும் முழுசாகப் போட்டு உடைப்பேன். அது பிடிக்காதவர்கள் இப்போதே ஒரு டீ குடிக்கக் கிளம்பிடுங்க.

நாவல், யா ஜாசி எழுதிய 'ஹோம்கோயிங்'. 1989-ல் கானாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். 2016-ல் இது வெளிவந்தபோது அவருக்கு இருபத்தாறு இருபத்தேழு வயதுதான். அடிவாரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் தோழி ஒருத்திக்கு இது பாடம். அவள் கையில் நோட்ஸ் இருந்தது, பதினோரு பக்கம். புத்தகம் புதுக்கருக்கு கலையாமல் என்னிடம் வந்தது. "உனக்கு வேணும்னா படி, எனக்கு இது போதும்" என்றாள். காமர்ஸ்காரிக்கு இலக்கியத்தில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்த நாவலில் எனக்குத்தான் வேலை அதிகம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் நோட்ஸில் இருப்பது. எஃபியா: அழகானவள், கீழ்ப்படிபவள், சூழ்நிலையின் கைதி. பாபா: கொடுமைக்கார சித்தி. எச்: பலசாலி, உழைப்பாளி. யா: படித்தவர், கசப்பு மிகுந்தவர், திருமணம் ஆகாதவர். அப்புறம் கருப்பொருள்கள்: அடிமைத்தனம், அடையாளம், குடும்பம். குறியீடுகள்: நெருப்பு, நீர், கறுப்புக் கல். ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. ஆக மொத்தம் ஒரு மளிகைச் சிட்டை.

இப்போது நாவலில் இருப்பது. பதினெட்டாம் நூற்றாண்டில் இன்றைய கானா நாட்டின் கடற்கரை. மாமே என்ற ஒரே தாய்க்கு வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டு பெண்கள், எஃபியா, எஸி. ஒருத்தியை ஒருத்தி பார்த்ததே இல்லை. எஃபியாவைக் கேப் கோஸ்ட் கோட்டையில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிக்குக் கட்டி வைக்கிறார்கள். கோட்டையின் மேல்மாடியில் அவள் குடித்தனம். எஸியைப் பிடித்து வந்து அதே கோட்டையின் பாதாள அறையில் அடைக்கிறார்கள், கப்பலில் ஏற்றி விற்க. மேலே அக்கா, கீழே தங்கச்சி, நடுவில் ஒரு தளம். அங்கிருந்து இரண்டு கிளையும் ஏழு தலைமுறை ஓடுகிறது. ஒரு அத்தியாயம் ஆப்பிரிக்காவில், அடுத்தது அமெரிக்காவில். பதினாலு அத்தியாயம், பதினாலு ஆட்கள். ஒரு ஆளோடு இருபது இருபத்தைந்து பக்கம் பழகுவோம், மனசு ஒட்டும், அதோடு சரி. அடுத்த அத்தியாயத்தில் அவர் பிள்ளை வளர்ந்து நிற்கும்.

இதில் யாருக்கு எங்கே குணநலன் எழுதுவது? யாவை எடுத்துக்கோங்க. அவர் சரித்திர வாத்தியார். முகத்தில் பெரிய தீக்காயத் தழும்பு. பெற்ற தாய் அகுவா, குழந்தையாக இருந்த அவரையும் சேர்த்துத் தூக்கத்தில் குடிசைக்கு நெருப்பு வைத்தவள். இரண்டு பெண் பிள்ளைகள் அதில் செத்துப் போனார்கள். அகுவா ஏன் வைத்தாள்? அவள் கனவில் நெருப்பாக ஒருத்தி வந்து தன் பிள்ளைகளைத் தேடிக்கொண்டே இருக்கிறாள். அந்த நெருப்புப் பெண் யார் என்று அகுவாவுக்குத் தெரியாது, வாசகருக்குத் தெரியும். முதல் அத்தியாயத்தில் எஃபியா பிறந்த இரவு நெருப்பு வைத்துவிட்டுத் தப்பி ஓடிய மாமே. ஆக, யாவின் முகத்தில் இருக்கிற தழும்பு அவருக்கு ஐந்து தலைமுறை முன்னால் போட்டது. இதை நோட்ஸ் "கசப்பு மிகுந்தவர்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டு, நெருப்பைத் தனியாகக் கத்தரித்துக் "குறியீடுகள்" என்ற டப்பாவில் போட்டு மூடுகிறது. ஆளை ஒரு பக்கத்திலும் ஆளுக்கு வந்த காயத்தை இன்னொரு பக்கத்திலும் எழுதிவைத்தால் படிப்பவனுக்கு என்ன புரியும்?

இங்கேதான் என் பாடம் வருகிறது. பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கணக்கில் மூன்று வகை: ஆள்சார் கணக்கு, சொத்துக் கணக்கு, பெயரளவுக் கணக்கு. சம்பளம், வாடகை மாதிரி பெயரளவுக் கணக்கெல்லாம் மார்ச் 31-ஆம் தேதி இலாப நட்டக் கணக்குக்குப் போய் அடங்கிவிடும். ஏப்ரல் 1 அன்று அதற்கு இருப்பு பூஜ்யம். ஆள்சார் கணக்கும் சொத்துக் கணக்கும் அப்படி அடங்காது. போன வருஷ இறுதி இருப்பு இந்த வருஷத் தொடக்க இருப்பாக வந்து முதல் வரியில் உட்காரும். பல தலைமுறை நாவலும் இந்த இரண்டாம் வகைதான். நோட்ஸ் எழுதுகிறவர் ஒவ்வொரு ஆளையும் பெயரளவுக் கணக்காக நடத்துகிறார். அத்தியாயம் முடிந்ததும் அடைத்துவிடுகிறார். அடுத்த ஆளைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறார். கணக்கில் இதைச் செய்தால் தணிக்கையில் மாட்டுவோம். இலக்கியத்தில் செய்தால் ஐந்துக்கு நாலரை.

எச் கதை இன்னும் பச்சை. அவனுக்குப் பெயரே ஒரு எழுத்துதான். 1850-ல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கச் சட்டம் வந்த காலத்தில், நிறைமாதமாக இருந்த அவன் அம்மாவைத் தெருவிலிருந்து கடத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்பா யார், கூடப்பிறந்தவர்கள் எத்தனை பேர், ஒன்றும் அவனுக்குத் தெரியாது. அடிமை முறை ஒழிந்த பிறகு ஒரு பொய் வழக்கில் அவனைப் பிடிக்கிறார்கள். அபராதம் கட்டக் காசில்லை. காசில்லாதவனை அலபாமாவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்கு அரசே வாடகைக்கு விடுகிறது. கைதிகளைக் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடுவது அங்கே நிஜமாக நடந்த வியாபாரம், அலபாமாவில் 1928 வரை நடந்தது. நோட்ஸில் "எச்: பலசாலி, உழைப்பாளி." அட, சுரங்க மேற்பார்வையாளரும் அதையேதானே பேரேட்டில் எழுதியிருப்பார்!

சரி, இதையெல்லாம் பழனி மலையில் உட்கார்ந்துகொண்டு ஏன் இவ்வளவு தொண்டை கிழியப் பேசுகிறாள் என்று கேட்கலாம். சொல்கிறேன். எங்கள் அம்மாச்சி கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். எழுபதுகளில் இலங்கையிலிருந்து தலைமன்னார் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, பிறகு மலை ஏறியவர். அரசாங்க வார்த்தையில் "தாயகம் திரும்பியோர்". அம்மாச்சிக்கு ஒரு தங்கச்சி. அவர் நுவரெலியாப் பக்கம் தோட்டத்திலேயே நின்றுவிட்டார். ஒருத்திக்கு இந்தியா, ஒருத்திக்கு இலங்கை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை.

இதன் பின்கணக்கு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1820-களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கியதிலிருந்து நம் மாவட்டங்களிலிருந்து ஜனங்களைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு போனார்கள். 1869-ல் காப்பிச் செடிக்கு இலைநோய் வந்து விழுந்தது, பிறகு தேயிலை எழுந்தது. (காப்பிக்காகப் போன குடும்பம், நூறு வருஷம் தேயிலை கிள்ளிவிட்டு, திரும்பி வந்து மறுபடி காப்பியே பறித்தது. இதை ஒரு நாவலாசிரியர் எழுதினால் ரொம்பச் செயற்கை என்போம்.) 1948-ல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மிச்சத்தை 1974-ல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் தென்னந்தோப்பைப் பிரிப்பதுபோல. தோப்பிடம் யாரும் கேட்கவில்லை.

இரண்டு அக்கா தங்கச்சி, நடுவில் கடல். எஃபியா எஸி கதை எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று இப்போது புரிந்திருக்கும்.

இந்த இடத்தில் அவசரப்படும் ஒரு கோஷ்டியையும் பிடித்து நிறுத்த வேண்டும். "பார்த்தீங்களா, ஆப்பிரிக்கக் கதையும் நம்ம கதையும் ஒண்ணுதான், உலகளாவிய கருப்பொருள்" என்பவர்கள். ஒன்றில்லைங்க. அடிமை வணிகத்தில் மனுஷனே சரக்கு. அவன் பிள்ளையும் சரக்கு. கங்காணி முறையில் மனுஷன் கடனாளி. சட்டப்படி அவன் சுதந்திரமானவன், கடன் தீர்ந்தால் போகலாம், கடன் தீராது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக "துண்டு" என்று ஒரு சீட்டு. அதில் அந்த ஆள் தலையில் இருக்கும் கடன் எவ்வளவு என்று எழுதியிருக்கும். புதுத் தோட்டம் அதைக் கட்டிவிட்டு ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் புது முதலாளி பேருக்கு மாறும். 1921-ல்தான் அந்தத் துண்டு முறை ஒழிந்தது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளத்தான் நாவலைப் படிக்கணும். "அடிமைத்தனம்" என்று ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் கொட்டினால், அலபாமா சுரங்கமும் மாத்தளைத் தோட்டமும் ஒன்றாகத் தெரியும். எங்கே சாட்டை, எங்கே சீட்டு என்பது தெரியாது.

கருப்பொருள் என்ற சொல் செய்கிற இன்னொரு வேலை, குற்றத்தை ஏற்றுமதி செய்வது. "அடிமைத்தனம்: வெள்ளையர் இழைத்த கொடுமை" என்கிறது நோட்ஸ். இழைத்தது உண்மை. ஆனால் ஜாசி பதினாலு அத்தியாயத்தில் ஏழை எஃபியாவின் கிளைக்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் கிளை விற்றவர்களோடு சம்பந்தம் வைத்த கிளை. எஃபியாவின் ஊர்க்காரர்களே ஆட்களைப் பிடிப்பதிலும் கைமாற்றுவதிலும் பங்குதாரர்கள். எஃபியாவின் பேரன் ஜேம்ஸ் ஒரு சாவு வீட்டில் வரிசையில் நின்று துக்கம் விசாரிக்கும்போது ஒரு சாதாரணப் பெண் அவன் கையைத் தொட மறுக்கிறாள். அடிமை விற்றவன் வீட்டுக் கை என்று. நாவலிலேயே எனக்குத் தூக்கம் போன இடம் அது. ஜேம்ஸ் அவளையே கட்டிக்கொண்டு, பேரையும் சொத்தையும் உதறிவிட்டு, செத்துப்போனதாக ஊரை நம்பவைத்து, ஏதோ ஒரு கிராமத்தில் விவசாயம் பார்க்கப் போகிறான். விளையவே மாட்டேன் என்கிறது. ஊர் அவனைத் துரதிர்ஷ்டம் பிடித்தவன் என்கிறது. அவன் மகள் அபெனாவை யாரும் கட்ட மாட்டேன் என்கிறார்கள்.

வணிகச் சட்டத்தோடு சேர்த்துப் பார்த்தேன். நம் நாட்டில் அப்பன் கடனுக்கு அவன் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. அதற்கு மேல் மகன் புனிதக் கடமையாகக் கட்டணும் என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை 2005 திருத்தத்தோடு எடுத்துவிட்டார்கள். சொத்தே வேண்டாம் என்று ஜேம்ஸ் போய்விட்டான். சட்டப்படி அவன் மகளுக்கு ஒரு பைசா பாக்கி இல்லை. ஜாசி கேட்பது, பிறகு ஏன் அபெனா கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று. இதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் இல்லை. நோட்ஸில் கேள்வியே இல்லை.

இது எங்கள் வீட்டிலும் சுடுகிறது. கங்காணி என்பவன் வெள்ளைக்காரன் இல்லை. நம்ம ஊரான், பல சமயம் சொந்தக்காரன். கூலியும் அவன் கூட்டிப்போனவன், கடனும் அவன் பேரேட்டில். அம்மாச்சியிடம் "உங்க தாத்தா கூலியா போனாரா, கங்காணியா போனாரா?" என்று ஒரு தடவை கேட்டேன். "சாப்ட்டியா?" என்று கேட்டார். இன்னொரு தடவை கேட்டேன். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார். எனக்குப் பதில் தெரியாது. எதுவாக இருந்தாலும் அது எங்கள் தொடக்க இருப்புதான்.

"இதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா, தமிழ்ல இல்லையா?" என்பவர்களுக்கு: இருக்கிறது, அதையும் இப்படித்தான் கொன்று வைத்திருக்கிறோம். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்', 1963. நீலகிரிப் படகர் குடும்பங்களின் தலைமுறைக் கதை. மலையிலேயே குடியிருந்து பார்த்து எழுதியவர். காலத்தை அவர் வருஷத்தில் எண்ணவில்லை, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கிற குறிஞ்சியை வைத்து எண்ணுகிறார். ஒரு பூப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிலத்தில் என்ன மாறியது என்பதுதான் நாவல். சாமையும் ராகியும் போய் உருளைக்கிழங்கு, பிறகு தேயிலை, பிறகு அணைக்கட்டும் மின்சாரமும். ஒவ்வொன்றும் வரும்போது அண்ணன் தம்பி உறவு ஒரு சுற்று மாறுகிறது. ஹோம்கோயிங்கிலும் அபெனா அத்தியாயத்தில் கோக்கோ விதை ஊருக்குள் வரும்போது இதே சங்கதிதான் நடக்கிறது. விதை வருகிறது, பணம் வருகிறது, அபெனாவுக்குக் கொடுத்த வாக்கு தள்ளிப் போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு எடுத்தால் எப்படி இருக்கும்! கிடைப்பது என்ன? "ஜோகியின் பாத்திரப் படைப்பை விளக்குக." "குறிஞ்சித் தேனில் இயற்கை வருணனை."

கொடைக்கானலில் 2006-லும் 2018-லும் குறிஞ்சி பூத்தபோது வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்தது 2030. ஒரு பூப்புக்கு வந்துவிட்டுப் போகிறவருக்கு அது நீலப் பூ, அவ்வளவுதான். இரண்டு மூன்று பூப்பு பார்த்தவருக்குத்தான் எந்தச் சரிவில் முன்பு பூத்தது, இப்போது அங்கே சீகை மரமா காட்டேஜா என்று சொல்ல வரும். குணநலன் எழுதுவது டூரிஸ்ட் வேலை.

ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் கேட்டேன். அறுபது பேர் வகுப்பு, பாதிப் பேர் தமிழ் வழியில் வந்தவர்கள், முந்நூறு பக்க ஆங்கில நாவல், ஒரு செமஸ்டர், அதில் இன்டர்னல், விளையாட்டு விழா, தேர்தல் வேலை. நோட்ஸ் கொடுக்காவிட்டால் பாதிப் பேர் அரியர். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் பதினோரு பக்க நோட்ஸ் படிக்க முடிகிறவர்களால் ஒரு முப்பது பக்க அத்தியாயத்தையும் படிக்க முடியும். ஆளுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்க. அறுபது பேரில் ஒரு அத்தியாயத்துக்கு நாலு பேர் தேறுவார்கள். வகுப்பில் வரிசையாக எழுந்து, "எனக்கு முந்தினவரிடமிருந்து என் கைக்கு இது வந்தது, நான் அடுத்தவருக்கு இதைக் கொடுத்தேன், இது வழியில் தொலைந்தது" என்று மூன்று விஷயம் சொல்லட்டும். நாலு மணி நேரத்தில் நாவல் முடியும். யாருக்கு என்ன குணம் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

இந்த நாவலை அப்படித்தான் கட்டியும் வைத்திருக்கிறார். கடைசியில் ஏழாம் தலைமுறை, மார்கஸும் மார்ஜரியும், அமெரிக்காவில் சந்தித்துப் பழகி, சேர்ந்து அந்தக் கோட்டையைப் பார்க்கப் போகிறார்கள். அவனுக்குக் கடல் என்றால் பயம், அவளுக்கு நெருப்பு என்றால் பயம். மாமே தன் பெண்களுக்கு விட்டுப்போன இரண்டு கறுப்புக் கல்லில் ஒன்று மார்ஜரி கழுத்தில். இன்னொன்று அந்தப் பாதாள அறையின் மண்ணுக்குள், எஸி புதைத்த இடத்தில். தாங்கள் இரண்டு பேரும் ஒரே தாய் வழி வந்தவர்கள் என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. யாரும் சொல்லப் போவதும் இல்லை. இரண்டு பேரேட்டையும் கையில் வைத்திருக்கிற ஒரே ஆள், பதினாலு அத்தியாயமும் படித்த வாசகர். அவள் தன் கல்லைக் கழற்றி அவன் கழுத்தில் போடும்போது நமக்குக் கண்ணில் தண்ணீர் முட்டுவது அதனால்தான். நோட்ஸ் படித்தவருக்கு இந்த இடம் "கறுப்புக் கல்: பாரம்பரியத்தின் குறியீடு, இரண்டு மதிப்பெண்".

சரித்திர வாத்தியார் யா வகுப்பில் முதல் நாள் செய்வதைச் சொல்லி முடிக்கிறேன். தன் தழும்பைக் காட்டி, இது எப்படி வந்தது, சொல்லுங்கள் என்கிறார். பையன்கள் ஊரில் கேள்விப்பட்டதை ஆளுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். எது சரி, யார் சொன்னதை நம்புவது, யார் குரல் இதில் இல்லை என்று அங்கிருந்து பாடம் தொடங்குகிறது. அதே யாவைப் பற்றித்தான் தோழியின் கல்லூரித் தேர்வில் கேள்வி வரும். அதில் சேர்க்கச் சொல்லி நான் ஒரு கேள்வி எழுதி அவளிடம் கொடுத்திருக்கிறேன், அவள் அதைத் துறையில் கொடுப்பாளா என்று தெரியாது. "உங்கள் வீட்டின் ஏழு தலைமுறையைக் கட்டம் போட்டு எழுதுக. பெயர் தெரியாத இடத்தில் கட்டத்தைக் காலியாக விடவும். எந்தக் கட்டம் ஏன் காலியானது என்று வீட்டில் விசாரித்து எழுதுக. பதினைந்து மதிப்பெண்." நான் போட்டுப் பார்த்தேன். அம்மாச்சி பக்கம் நாலாவது கட்டத்தோடு நிற்கிறது.